வீட்டு ஸ்டோரேஜ் சர்வருக்குத் தனி கிராபிக்ஸ் கார்டு எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் பக்கம் வீட்டிலேயே ஒரு ஸ்டோரேஜ் சர்வர் வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. செல்போன் போட்டோ, கல்யாண வீடியோ, சிசிடிவி பதிவு, பனியன் கம்பெனியின் டிசைன் ஃபைல், ஆடிட்டருக்கு அனுப்பிய கணக்கு எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டு வைக்கிறார்கள். மாதாமாதம் கிளவுடுக்கு வாடகை கட்டிச் சலித்தவர்களுக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் கடைகள் கொடுக்கும் கொட்டேஷனில் ப்ராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க் வரிசைக்குக் கீழே ‘கிராபிக்ஸ் கார்டு – 1’ என்று ஒரு வரியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. “ஏனுங்க, இது எதுக்குங்க?” என்று கேட்டால், “கார்டு இல்லீனா படம் வராதுங்க” என்று பதில் வருகிறது. அது பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை என்பதால், இந்த வேலையை அன்றாடம் செய்கிறவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

ஸ்டோரேஜ் சர்வரின் வேலை ஃபைலை டிஸ்க்கில் எழுதுவதும், கேட்டபோது எடுத்துக் கொடுப்பதும்தான். விண்டோஸ் கம்ப்யூட்டர் சாம்பா என்ற ஃபைல் பகிர்வு முறை வழியாகக் கேட்கும். லினக்ஸ் என்எஃப்எஸ் வழியாகக் கேட்கும். இதில் உழைப்பவை டிஸ்க், ரேம், நெட்வொர்க், கொஞ்சம் ப்ராசஸர். மஞ்சள் குடோனுக்குள் யாரும் அரவை மிஷின் மாட்டுவதில்லை. டிசைனர் ஒருவர் சர்வரில் இருக்கும் பெரிய போட்டோஷாப் ஃபைலைத் திறந்தால், அந்தப் படத்தை வரைந்து காட்டுவது அவர் மேசையிலுள்ள கம்ப்யூட்டர். கார்டு வேண்டுமென்றால் அங்கேதான் வேண்டும். வீடியோ எடிட்டிங் செய்யும் ஸ்டுடியோக்காரர்களுக்கும் இதே கதைதான்.

“சர்வர் மெதுவாக இருக்கிறது, கார்டு போடட்டுமா?” என்று கேட்பவர்கள் முதலில் வயரைப் பார்க்க வேண்டும். ஒரு கிகாபிட் லைனில் நடைமுறையில் விநாடிக்கு 110 மெகாபைட் அளவுக்குத்தான் போகும். சாதாரண 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஒன்றே பெரிய ஃபைல்களை 150 மெகாபைட்டுக்கு மேல் கொடுத்துவிடும். ஆக அடைப்பு வயரில் இருக்கிறது. காப்பி போடும்போது வேகம் 11 மெகாபைட்டில் நின்றால் இன்னும் சுலபம்: லைன் 100 மெகாபிட்டுக்கு இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். கேமரா வயரிங் செய்பவர்கள் எட்டுக் கம்பியில் நாலை மட்டும் கிரிம்ப் செய்து விட்டுப் போயிருப்பார்கள். அல்லது ஒரு ஜோடி அறுந்திருக்கும். எட்டுக் கம்பியையும் சரியாக கிரிம்ப் செய்தால் பத்து மடங்கு வேகம் திரும்பிவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் 2.5 கிகாபிட் நெட்வொர்க் கார்டும் சுவிட்சும் போடலாம்; 100 மீட்டர் வரை பழைய கேட் 5ஈ கேபிளே தாங்கும்.

இனி ‘படம் வராது’ என்பதற்கு வருவோம். சிஸ்டம் ஏற்றும் அன்று பயாஸ் (ஆன் செய்ததும் வரும் போர்டின் அடிப்படை அமைப்பு) பார்க்கவும், இன்ஸ்டால் திரையைப் பார்க்கவும் மானிட்டர் வேண்டும். அதன்பிறகு ஓப்பன்மீடியாவால்ட், ட்ரூநாஸ் போன்ற ஸ்டோரேஜ் சர்வர் சிஸ்டங்களை வேறொரு கம்ப்யூட்டரின் பிரவுசரிலிருந்தே நடத்துகிறோம். சர்வர் பரண் மேலோ அலமாரியிலோ கிடக்கும். அதில் மானிட்டரே இருக்காது. அந்த ஒரு நாள் தேவைக்கும் பெரும்பாலான ப்ராசஸர்களுக்கு உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிறது. இல்லாதவை எவை என்று தெரிந்துகொண்டால் போதும். இன்டெலில் மாடல் நம்பரின் கடைசியில் எஃப் இருந்தால் கிராபிக்ஸ் இல்லை: ஐ3-12100 என்றால் உண்டு, ஐ3-12100எஃப் என்றால் கிடையாது. ஏஎம்டி ரைசனில் 5000 வரிசை வரைக்கும் தலைகீழ்க் கணக்கு: கடைசியில் ஜி இருந்தால்தான் உண்டு. 5600ஜி-யில் உண்டு, 5600-இல் இல்லை. 7000 வரிசையிலிருந்து எஃப் என்று முடிபவை தவிர மற்ற டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் சின்னதாக ஒன்று வைத்தே விடுகிறார்கள். கழித்துக்கட்டிய சர்வர் போர்டு வாங்குகிறவர்களுக்கு: இன்டெலின் சர்வர் ப்ராசஸரான ஜியானில் ஈ3 வரிசையில் 1225, 1245 போல 5-இல் முடிபவற்றில் கிராபிக்ஸ் உண்டு, 1220, 1230, 1240-இல் இல்லை. அஸ்பீட் சிப் பதித்த சர்வர் போர்டானால் திரைக்கு அதுவே போதும். ஆனால் அது திரைக்கு மட்டும்தான். வீடியோ வேலைக்கு ஆகாது.

சில நூறு ரூபாய் குறைகிறதே என்று கடைக்காரர் எஃப் மாடலை எழுதுவார். பிறகு அதற்காகவே ஒரு கார்டையும் எழுதுவார். இரண்டு வரியையும் அடித்துவிட்டு எஃப் இல்லாத மாடலைக் கேட்டால் மொத்தத் தொகையும் குறையும், பெட்டியும் குளிரும்.

ஏற்கெனவே எஃப் மாடலோ கிராபிக்ஸ் இல்லாத ரைசனோ கையில் இருந்தால்? அப்போதும் கார்டு வாங்க வேண்டியதில்லை. ஏதாவது பழைய கார்டை ஒரு நாள் இரவல் வாங்கிப் போட்டு, சிஸ்டம் ஏற்றிவிட்டுக் கழற்றிக் கொடுத்துவிடலாம். ஆனால் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியவை உண்டு. இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

முதலில் பயாஸ். பிழை வந்தால் எஃப்1 அழுத்தும்வரை காத்திரு என்றிருக்கும் அமைப்பை அணைக்க வேண்டும். பழைய போர்டுகளில் இது ‘ஹால்ட் ஆன்’ என்ற பெயரில் இருக்கும், அதை ‘நோ எரர்ஸ்’ என்று மாற்ற வேண்டும். மின்தடைக்குப் பின் கரண்டு வந்ததும் தானாக ஆன் ஆகும் அமைப்பையும் அப்போதே போட்டுவிடுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தும் ஊர்களில் இது கட்டாயம். பிறகு கார்டைக் கழற்றி ஒருமுறை ஆன் செய்து பாருங்கள். பல போர்டுகள் ஒரு நீளப் பீப், இரண்டு குட்டிப் பீப் அடித்துவிட்டுத் தொடர்ந்து பூட் ஆகிவிடும். சில போர்டுகள் அங்கேயே நின்றுவிடும். நிற்கும் போர்டானால் மட்டும், கிடைப்பதிலேயே மலிவான பழைய கார்டு ஒன்றை உள்ளேயே விட்டுவிட வேண்டியதுதான்.

அடுத்தது நெட்வொர்க். இது கொட்டேஷன் எழுதுபவர்களுக்கே பெரும்பாலும் தெரியாத இடம். லினக்ஸ் தன் நெட்வொர்க் போர்ட்டுக்குப் பெயர் வைக்கும்போது பிசிஐ பஸ்ஸில் (போர்டில் கார்டுகளும் சிப்புகளும் சேரும் பாதை) அது எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று பார்த்து வைக்கிறது. கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தபோது அது ஓர் இடத்தைப் பிடித்திருக்கும். நெட்வொர்க் சிப் அதற்கு அடுத்த எண்ணில் இருக்கும். கார்டைக் கழற்றியதும் எண் ஒன்று குறையும். என்பி4எஸ்0 என்றிருந்த பெயர் என்பி3எஸ்0 ஆகிவிடும். சிஸ்டத்தில் எழுதி வைத்த ஐபி முகவரி பழைய பெயருக்கு உரியது. சர்வர் ஒழுங்காகப் பூட் ஆகியிருக்கும், டிஸ்க் சுற்றும், போர்ட்டில் விளக்குகூட எரியும். ஆனால் வீட்டில் எந்தக் கம்ப்யூட்டராலும் அதைப் பிடிக்க முடியாது. திரையும் இல்லை, பார்ப்பதற்கு வழியும் இல்லை. “கார்டு இல்லாமல் சர்வர் ஓடாது” என்ற பேச்சு பரவியதில் இந்தக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. கார்டை மறுபடி மாட்டியதும் பழைய பெயர் திரும்ப வந்து எல்லாம் சரியாகிவிடுவதால், குற்றம் கார்டு இல்லாததன் மேல் விழுந்துவிடுகிறது.

தீர்வு எளிது. சர்வரில் நிலையான ஐபி எழுதாமல், ரவுட்டருக்குள் போய் நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரிக்கு (கம்பெனியே அதற்குக் கொடுத்த தனி எண்) ஓர் ஐபி-யை ஒதுக்குங்கள். சர்வரிலோ, போர்ட்டை மேக் முகவரியை வைத்து அடையாளம் காணும்படி லினக்ஸின் சிஸ்டம்டி படிக்கும் லிங்க் ஃபைல் ஒன்று எழுதி, ‘லேன்0’ என்பது போல நீங்களே ஒரு பெயரைக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பெயருக்கு டிஎச்சிபி (ரவுட்டர் தரும் ஐபி-யை எடுத்துக்கொள்ளும் முறை) போடுங்கள். கார்டு இருக்கும்போதே ஒரு ரீஸ்டார்ட் செய்து, வேறு கம்ப்யூட்டரிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக உள்ளே போக முடிகிறதா என்று பார்த்த பிறகு கழற்றுங்கள். டிஸ்க்கை வேறு பெட்டியில் வைத்து சிஸ்டம் ஏற்றி இங்கே கொண்டுவந்து மாட்டுபவர்களுக்கும் பெயர் மாறும் சிக்கல் இதுவேதான். அங்கே மேக் முகவரியும் மாறும் என்பதால் புதிய போர்டின் முகவரியை எழுத வேண்டும்.

இப்போது கார்டுக்கு நியாயமான காரணம் இருக்கும் ஒரே பெரிய இடத்துக்கு வருவோம்: வீடியோ மாற்றம். சர்வரில் ஜெல்லிஃபின், ப்ளெக்ஸ், எம்பி என்ற வீடியோ மென்பொருள்களில் ஏதாவது ஒன்றைப் போட்டு டிவியில் படம் பார்க்கிறோம். டிவிக்கு அந்த ஃபைலின் வகை தெரியும் என்றால் சர்வர் ஃபைலை அப்படியே அனுப்பிவிடும். அதற்கு ராஸ்ப்பெரி பை அளவுக்குச் சின்னக் கம்ப்யூட்டரே போதும். டிவிக்கோ செல்போனுக்கோ பிரவுசருக்கோ அந்த வகை தெரியாவிட்டால், அல்லது வெளியூரில் இருக்கும் பிள்ளை மொபைல் டேட்டாவில் பார்க்கிறார், அவ்வளவு பெரிய ஃபைல் ஓடாது என்றால், சர்வர் உடனுக்குடன் வீடியோவை வேறு வகைக்கு, வேறு அளவுக்கு மாற்றி அனுப்ப வேண்டும். இதற்குப் பெயர் டிரான்ஸ்கோடிங். இது கனமான வேலை.

எவ்வளவு கனம்? ப்ளெக்ஸ் நிறுவனமே தரும் கணக்கில், எச்.264 என்ற முறையில் சுருக்கிய 10 மெகாபிட் 1080பி வீடியோ ஒன்றை வெறும் ப்ராசஸரால் மாற்ற, ப்ராசஸரின் வேகத்தை அளக்கும் பாஸ்மார்க் மதிப்பு 2000 வேண்டும். எச்இவிசி என்ற புதிய முறையில் சுருக்கிய, எச்டிஆர் உள்ள 4கே வீடியோ ஒன்றுக்கு 17000. இன்று சின்னப் பெட்டிகளில் வரும் இன்டெல் என்100 ப்ராசஸரின் மதிப்பு ஐயாயிரத்துச் சொச்சம். இந்தக் கணக்கை மட்டும் காட்டித்தான் கார்டை விற்கிறார்கள். ஆனால் என்100-க்குள் இருக்கும் இன்டெல் கிராபிக்ஸில் குயிக்சிங்க் என்று வீடியோ மாற்றத்துக்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. வேலை அங்கே போனால் ப்ராசஸர் சும்மா உட்கார்ந்திருக்கும்; 6 வாட் வகுப்புச் சிப் ஒன்றே ஒரு வீட்டுக்கு வேண்டிய 4கே மாற்றங்களைச் செய்துவிடும்.

குயிக்சிங்க் 2011-இல் இன்டெலின் இரண்டாம் தலைமுறையோடு வந்தது. ஆனால் எல்லாத் தலைமுறையும் ஒன்றல்ல. நான்காம் தலைமுறை வரை எச்.264-தான் உருப்படியாக நடக்கும். ஆறாம் தலைமுறையில் எட்டு பிட் எச்இவிசி வந்தது. 2017-இல் டெஸ்க்டாப்புக்கு வந்த ஏழாம் தலைமுறையில்தான் பத்து பிட் எச்இவிசி சேர்ந்தது. இன்றைய 4கே எச்டிஆர் படங்கள் அந்த வகை. பதினோராம் தலைமுறையிலிருந்து ஏவி1 என்ற இன்னும் புதிய வகையைப் பிரித்துக் காட்டும். ஆகவே பழைய ஆபீஸ் டெஸ்க்டாப் ஒன்றை வாங்கி சர்வராக்க நினைப்பவர் ஏழாம் தலைமுறைக்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். அந்தத் தலைமுறையின் பென்டியம் ஜி4560-இல்கூட இது இருக்கிறது. ஐ7 தேட வேண்டாம்.

இதற்கு நேர்மாறாக, கொட்டேஷன்களில் அதிகம் தென்படும் மலிவுக் கார்டுகள் இந்த வேலைக்கே உதவாதவை. ஜிடி 710-க்கு எச்இவிசி வீடியோவைப் பிரிக்கவே தெரியாது. அதற்கான என்விடியா டிரைவரும் 470 வரிசையோடு நின்றுவிட்டது, புதிய லினக்ஸ் கெர்னலில் அதை ஏற்றுவதே தலைவலி. ஜிடி 1030 எச்இவிசியைப் பிரிக்கும், ஆனால் திரும்பச் சுருக்கும் என்வென்க் சுற்று அதில் இல்லை. அதாவது பாதி வேலை செய்துவிட்டு மீதியை ப்ராசஸர் தலையில் போட்டுவிடும். ‘வீடியோவுக்காகத்தான் கார்டு’ என்று சொல்லி இந்த இரண்டில் ஒன்றை எழுதியிருந்தால், எழுதியவருக்கு விஷயம் தெரியவில்லை அல்லது கடையில் சரக்கு தேங்கியிருக்கிறது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. ப்ராசஸருக்குள் கிராபிக்ஸ் இருக்கும்போது ஒரு கார்டையும் மாட்டினால், பல போர்டுகளின் பயாஸ் உள்ளே இருப்பதைத் தானாக அணைத்துவிடும். அதோடு குயிக்சிங்க்கும் போகும். உருப்படியாக ஓடிக்கொண்டிருந்த பெட்டியில் ஜிடி 710 சேர்த்த பிறகு படம் திக்கித் திக்கி ஓடுகிறது என்றால் காரணம் இதுதான். பயாஸில் ‘ஐஜிபியு மல்டி மானிட்டர்’ என்றிருப்பதை எனேபிள் செய்ய வேண்டும். கார்டையே கழற்றிவிடுவது இன்னும் நல்லது. இதேபோல மானிட்டர் இல்லாமல் ஆன் செய்தால் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும் போர்டுகளும் இருக்கின்றன. அதற்கு எச்டிஎம்ஐ துளையில் செருகும் டம்மி பிளக் ஒன்று போதும்.

ஜெல்லிஃபின் போட்டவர்கள் சரிபார்க்கும் விதம்: லினக்ஸில் ‘டெவ்’ ஃபோல்டருக்குள் ‘டிஆர்ஐ’ என்று ஒன்று இருக்க வேண்டும், அதற்குள் ‘ரெண்டர்டி128’ என்ற பெயர் தெரிய வேண்டும். தெரியவில்லையானால் பயாஸில் கிராபிக்ஸ் அணைந்திருக்கிறது. தெரிந்தும் வேலை செய்யவில்லையானால், ஜெல்லிஃபின் ஓடும் பயனர் ‘ரெண்டர்’ குழுவில் சேர்க்கப்படவில்லை; டாக்கரில் (மென்பொருளைத் தனி கன்டெய்னருக்குள் ஓட்டும் முறை) ஓட்டினால் அந்த டிவைஸை கன்டெய்னருக்குள் கொடுக்க மறந்திருப்பீர்கள். பிறகு அமைப்பில் குயிக்சிங்க்கைத் தேர்ந்தெடுத்து, உங்கள் ப்ராசஸர் தலைமுறைக்குத் தெரிந்த வகைகளை மட்டும் டிக் செய்ய வேண்டும். தெரியாததையும் சேர்த்து டிக் செய்தால் அந்த வகைப் படம் தொடங்கியதும் நின்றுவிடும். ஜெல்லிஃபினில் இந்த வசதி இலவசம்; ப்ளெக்ஸில் ப்ளெக்ஸ் பாஸ் காசு கொடுத்து வாங்கினால்தான் கிடைக்கும். காசு கட்டாமல் கார்டை மட்டும் வாங்கி மாட்டியவருக்கு, கார்டு இருந்தும் ப்ராசஸர்தான் முழுப் பாரத்தையும் சுமந்துகொண்டிருக்கும்.

இதெல்லாம் மாற்றம் தேவைப்பட்டால். பெரும்பாலான வீடுகளில் அதைத் தவிர்க்கவே முடியும். பிரவுசரில் பார்க்காமல் டிவியிலேயே ஜெல்லிஃபின் ஆப் போட்டால் எச்இவிசி நேராக ஓடும். படமாகப் பதித்த பிஜிஎஸ் வகை சப்டைட்டில் இருந்தால், டிவிக்கு அது பிடிபடாதபோது வீடியோவையே மாற்றி அதன் மேல் ஒட்ட வேண்டியிருக்கும். எழுத்து வகை எஸ்ஆர்டி சப்டைட்டிலுக்கு மாறினால் அந்தப் பாரமே இல்லை. டிடிஎஸ் ஒலி டிவியில் வராவிட்டால் ஒலியை மட்டும் மாற்றுவது எந்தப் ப்ராசஸருக்கும் துச்சம். ஸ்டுடியோக்காரர் பென் டிரைவில் கொடுக்கும் 4கே கல்யாண வீடியோவில் விநாடிக்கு 50, 60 மெகாபிட் ஓடும். டிவியின் வைஃபை அதற்குத் திணறினால், டிவிக்கு ஒரு லேன் வயர் இழுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நிறைய டிவிகளின் லேன் துளை 100 மெகாபிட்தான், ஆனாலும் இந்த வீடியோவுக்கு அது தாங்கும்.

சிசிடிவிக்கும் கார்டு வேண்டுமென்று நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர்களிடம் சொல்லப்படுவதாகத் தெரிகிறது. கேமரா வீடியோவைத் தானே சுருக்கித்தான் அனுப்புகிறது. சர்வர் அதை டிஸ்க்கில் கொட்டுவதோடு சரி. ஒரு கேமரா 4 மெகாபிட் என்றால் விநாடிக்கு அரை மெகாபைட், நாளைக்கு 43 ஜிபி. நாலு கேமராவுக்கு நாளைக்கு 173 ஜிபி, முப்பது நாளைக்கு 5.2 டிபி. செலவு முழுக்க டிஸ்க்கில் இருக்கிறது. ஆள் வந்தால் மட்டும் தகவல் சொல், நாய் வந்தால் சொல்லாதே என்று ஃப்ரிகேட் போன்ற கேமரா மென்பொருளை வைத்துப் பிரிக்கச் சொன்னால் கணக்கு கொஞ்சம் மாறும். அங்கேயும் இன்டெல் உள் கிராபிக்ஸ் ஓப்பன்வினோ என்ற இன்டெல் மென்பொருள் வழியாகச் சில கேமராக்களைச் சமாளிக்கும்.

இம்மிச் என்ற போட்டோ மென்பொருளைப் போட்டு செல்போன் போட்டோக்களைச் சேர்ப்பவர்கள், முகங்களைப் பிரிக்கும் வேலைக்குக் கார்டு வேண்டுமா என்று கேட்கிறார்கள். முதல் தடவை பழைய போட்டோ மொத்தத்தையும் ஏற்றும்போது ப்ராசஸர் இரவு பகலாக ஓடத்தான் செய்யும். ஓடட்டும். அதன்பின் தினம் சேரும் போட்டோக்களுக்கு நிமிடங்கள் போதும். இதற்கு ரேம் 8 ஜிபி இருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, கார்டு உள்ளே கிடந்தால் என்ன கெட்டுவிடும்? கரண்டில் தொடங்குவோம். சும்மா இருக்கும்போது 15 வாட் இழுக்கும் கார்டு என்று வைத்துக்கொண்டால், சர்வர் நிற்காமல் ஓடும் பெட்டி என்பதால் இரண்டு மாத பில்லில் 21.6 யூனிட், வருஷத்துக்கு 130 யூனிட்டுக்குப் பக்கம். 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும் வீட்டுக்கு இது சின்ன விஷயமில்லை. அந்த எல்லையைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டுக்கு இருந்த குறைந்த விலையும் போய்விடும். என்100 போர்டும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்து 20 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 28.8 யூனிட். பழைய டெஸ்க்டாப்பும் கார்டுமாக 65 வாட் என்றால் 93.6 யூனிட். இலவச 100 யூனிட்டை ஏறக்குறைய முழுசாக ஒரு பெட்டியே சாப்பிட்டுவிடும்.

அடுத்தது சூடு. ஈரோடும் கரூரும் சித்திரையில் எப்படிக் காயும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஹார்ட் டிஸ்க் 45 டிகிரிக்குள் இருப்பது நல்லது. 60, 65 டிகிரி என்று கம்பெனி போடுவது தாங்கும் எல்லை, வைத்திருக்க வேண்டிய அளவு இல்லை. சின்ன கேபினெட்டில் கார்டின் சூடான காற்று நேராக டிஸ்க் அடுக்கின் மேல்தான் போய் விழுகிறது. பல்லடம், சோமனூர் பக்கம் தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் பஞ்சு பறக்கும். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைநார்த் தூள். கார்டின் குட்டி ஃபேன்தான் முதலில் அடைத்து நிற்கும். கேபினெட்டின் முன்பக்க ஃபேன் 120 மில்லிமீட்டரில் ஒன்று, அதன் முன்னே கழற்றிக் கழுவும் வலை, அவ்வளவு போதும். சுற்றும் பொருள் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவுக்கு நிம்மதி.

மூன்றாவது, ஸ்லாட். வீட்டு மதர்போர்டுகளில் நீளமான பிசிஐ ஸ்லாட் பெரும்பாலும் ஒன்றுதான். அதில் கிராபிக்ஸ் கார்டு உட்கார்ந்துவிட்டால், நாளைக்கு டிஸ்க் நாலிலிருந்து எட்டாகும்போது கூடுதல் டிஸ்க்குகளை இணைக்கும் எச்பிஏ கார்டு மாட்ட இடமிருக்காது. பத்து கிகாபிட் நெட்வொர்க் கார்டுக்கும் இடமிருக்காது. ஸ்டோரேஜ் சர்வரில் அந்த ஸ்லாட்தான் வளர்ச்சிக்கான வழி. அதை அடைத்து வைக்கலாகாது.

பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 3.5 அங்குல டிஸ்க் சுற்றத் தொடங்கும் கணத்தில் 12 வோல்ட் லைனில் 2 ஆம்பியர் வரை இழுக்கும். நாலு டிஸ்க் ஒன்றாகக் கிளம்பினால் அந்தக் கணத்தில் 100 வாட்டுக்குப் பக்கம். கேபினெட்டோடு இலவசமாக வரும் எஸ்எம்பிஎஸ்ஸில் இதோடு கார்டையும் ஏற்றினால் ஏதோ ஒரு டிஸ்க் கிளம்பாமல் போகும். அது டிஸ்க் கோளாறு என்று நினைத்து மாற்றுவார்கள். சாட்டா பவர் முனை போதாமல் மோலெக்ஸ் மாற்றி வாங்கும்போது, பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த முனை உள்ளதை வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கி ஷார்ட் ஆகித் தீப்பிடிப்பது அந்த வகையில்தான். கம்பி ஒவ்வொன்றும் தனித்தனியாகச் செருகித் தெரியும் வகை பாதுகாப்பானது.

கார்டு வாங்கத்தான் வேண்டும் என்ற இடங்களும் உண்டு. குயிக்சிங்க் இல்லாத பழைய ஜியான் அல்லது ரைசன் பெட்டி கையில் இருந்து, வெளியூரில் இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே நேரத்தில் பார்க்கும் என்றால் நியாயம். அப்போதும் 710, 1030 பக்கம் போகாமல் இன்டெல் ஆர்க் ஏ380 போன்றதைப் பாருங்கள். ஏவி1 வகையில் சுருக்கவும் அதற்குத் தெரியும். பயாஸில் கரண்டை மிச்சப்படுத்தும் ஏஎஸ்பிஎம் அமைப்பைப் போடாவிட்டால் அது சும்மா இருக்கும்போதும் கரண்டை இழுத்துக்கொண்டிருக்கும், கவனம். வீட்டிலேயே ஏஐ மாடலை ஓட்டப் பார்க்கிறவர்களுக்கு 12 ஜிபி மெமரியுள்ள கார்டு உண்மையிலேயே வேண்டும். ஆனால் அதை ஸ்டோரேஜ் பெட்டிக்குள் போடாமல், வேண்டும்போது மட்டும் ஆன் செய்யும் வேறொரு பெட்டியில் வைப்பதே எங்கள் யோசனை. போட்டோக்கள் இருக்கும் பெட்டி சோதனைக்கூடமாக இருக்கக் கூடாது.

மிச்சமாகும் காசு எங்கே போக வேண்டும் என்பதில் எங்களுக்குள் கருத்து வேற்றுமை இல்லை. முதலில் யூபிஎஸ். 600 விஏ போதும். உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. யூஎஸ்பி துளை உள்ள மாடலாக வாங்கி, சர்வரில் ‘நட்’ மென்பொருளைப் போட்டால், பேட்டரி தீரும் முன் சர்வர் தானாக ஒழுங்காக அணைந்துகொள்ளும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பி விட்டவர்கள் அதை யூபிஎஸ் மோடில் வைத்திருக்கிறார்களா என்று பார்க்கட்டும்; சாதாரண மோடில் மாறும் இடைவெளியில் சர்வர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். அடுத்தது, பெட்டிக்கு வெளியே வேறு இடத்தில் வைக்கும் இன்னொரு டிஸ்க். ஒரே தகவலை இரண்டு டிஸ்க்கிலும் எழுதும் ரெய்டு போட்டிருக்கிறோமே என்பார்கள்; தவறுதலாக அழித்ததையும், ரான்சம்வேர் பூட்டியதையும் ரெய்டு அப்படியே இரண்டு டிஸ்க்கிலும் செய்து வைக்கும். வாரம் ஒருமுறை காப்பி எடுத்துக் கழற்றி, ஊரில் அப்பாரு வீட்டு பீரோவில் வைக்கும் யூஎஸ்பி டிஸ்க்தான் பேக்கப்.

டிஸ்க் வாங்கும்போது, தடங்களைத் தனித்தனியாக எழுதும் சிஎம்ஆர் வகையா என்று கேளுங்கள். தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஓரளவு படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை மலிவு. ஆனால் ஒரு டிஸ்க் போய்ப் புதியதை மாட்டி ரெய்டைத் திரும்பக் கட்டும்போது நாள்கணக்கில் இழுக்கும், சில சமயம் பாதியில் விழும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையிலேயே 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்று வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. பெட்டி மேல் ‘நாஸ்’ (நெட்வொர்க் ஸ்டோரேஜுக்கானது) என்று அச்சடித்திருப்பதை மட்டும் பார்த்து வாங்கக் கூடாது.

கம்ப்யூட்டர் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். கொட்டேஷனில் ‘ஐ3 12ஆம் தலைமுறை’ என்று மொட்டையாக எழுதாமல், கடைசி எழுத்து உட்பட முழு மாடல் நம்பரை எழுதுங்கள். ஹார்ட் டிஸ்க்குக்கும் அப்படியே, பக்கத்தில் சிஎம்ஆரா எஸ்எம்ஆரா என்பதையும் சேர்த்து. கிராபிக்ஸ் கார்டு வரியை எழுதினால், அது எந்த வேலைக்கு என்று அதே வரியில் போடுங்கள். வாங்குபவர்களும் அந்த விவரங்கள் இல்லாத கொட்டேஷனுக்கு அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.

இப்படிக்கு,
கணினி, நெட்வொர்க் பணியாளர்கள் சிலர்,
பெருந்துறை, ஈரோடு மாவட்டம்.